நோயாளி பார்க்காத டொக்டரா? இரத்த நோய் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் தங்கச்சிக்காக

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் தங்கச்சி மருத்துவ பீடத்தில் நாலாம் வருடம். இரத்த நோய்களிலும் நிர்ப்பீடனத்திலும், அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியிலும், ஆராய்ச்சி செய்வதுதான் தன் எண்ணம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நோயாளி பார்க்காத டொக்டர் என்ன டொக்டர்?" என்று கேட்டிருக்கிறார். அது என்ன வேலை, எத்தனை வருடம் படிக்க வேண்டும், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு பாடுபட்டுப் படிப்பித்த பிள்ளை யாருக்கும் பயன்படாத ஒரு வேலைக்குப் போய், கடைசியில் ஊருக்கும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படுவான்கரைப் பக்கம் பிறந்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இரத்த நோய்ப் பிரிவில் வேலை. அதில் மூன்று வருடம் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் பிறபொருளெதிரிகளோடு, அதாவது கிருமி போன்ற அந்நியப் பொருட்களைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதங்களோடு, கழிந்தது. மிச்சமெல்லாம் வாட்டும் கிளினிக்கும் நுணுக்குக்காட்டியும்தான். ஆகவே நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்த விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். முழுநேர நிர்ப்பீடன ஆய்வாளரின் வாழ்க்கையை, மூன்று வருடம் அருகே இருந்து பார்த்தவன் என்ற அளவில் மட்டும்தான் சொல்ல முடியும். உங்கள் தங்கச்சியின் குணமும் விருப்பமும் உங்களுக்குத் தெரிந்தவை, எனக்குத் தெரியாதவை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அப்பாவின் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். பல துறைகளில் நோயாளியைப் பார்ப்பவர் ஒருவர், ஆய்வுகூடத்தில் இருப்பவர் இன்னொருவர். இரத்த நோய்த் துறையில் அந்தச் சுவர் கிடையாது. காலையில் சிலைட்டில் பூசிய இரத்தத்தை நானே பார்ப்பேன். பத்து மணிக்கு அந்த இரத்தத்துக்கு உரியவரின் கட்டிலடியில் நிற்பேன். மூளையையோ இதயத்தையோ வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. இரத்தத்தை ஒரு ஊசியால் இன்றும் எடுக்கலாம், அடுத்த கிழமையும் எடுக்கலாம், மருந்து கொடுத்த பிறகு என்ன மாறியது என்றும் பார்க்கலாம். அதனால்தான் வேறு உறுப்புகளின் நோய்களுக்கு முன்பே இரத்த நோய்கள் மூலக்கூறு அளவில் விளங்கத் தொடங்கின. 1949இல் லைனஸ் போலிங்கும் அவருடைய குழுவும் அரிவாட்கலக் குருதிச்சோகை ஒரு மூலக்கூறின் கோளாறு என்று காட்டினார்கள். நோய் ஒன்றை அப்படிச் சொல்ல முடிந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நோயாளியைச் சொன்னால் அப்பாவுக்கு விளங்கும். பல வருடங்களுக்கு முன், வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு இளம் தாய் வந்தார். முகம் வெளிறி, நாலு படி ஏற மூச்சு வாங்கும். ஓரிடத்தில் நாலு மாதம் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். பெண்பிள்ளைக்கு இரத்தம் குறைவென்றால் இரும்புக் குளிசை என்பது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இவருக்கு ஒரு புள்ளியும் ஏறவில்லை. சிலைட்டில் பார்த்தபோது செங்குழியங்கள் பல, நடுவில் இருக்க வேண்டிய வெளிறல் இல்லாமல், சின்னச் சின்னக் குண்டுமணிபோல உருண்டையாகக் கிடந்தன. கண்ணிலும் இலேசான மஞ்சள். உடம்பு தன் செங்குழியங்களைத் தானே அழிக்கிறது என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. இரத்த வங்கியில் கூம்ஸ் சோதனை செய்தோம், உறுதியானது. நிர்ப்பீடனத்தை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை அவர் தானாகவே பஸ் ஏறி கிளினிக்குக்கு வந்தார். சிலைட்டைப் பார்த்தவரும் குளிசை எழுதியவரும் ஒரே ஆள்.

அந்தக் கூம்ஸ் சோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ரொபின் கூம்ஸ் என்பவர் படித்தது மிருக வைத்தியம். 1945இல் மோரன்ட், ரேஸ் என்ற இருவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். செங்குழியத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிறபொருளெதிரி கண்ணுக்குத் தெரியாது, தானாகக் குழியங்களை ஒன்றோடொன்று சேர்க்கவும் மாட்டாது. மனிதப் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரியை முயலில் உண்டாக்கி மேலே விட்டால் குழியங்கள் திரண்டு காட்டிக்கொடுக்கும். இந்த யோசனை இரவு நேர ரயிலில் போகும்போது தனக்குத் தோன்றியது என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எண்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் இரத்த வங்கிகளில் நாள்தோறும் செய்யும் சோதனை அது. வெல்லாவெளித் தாயை அவர் பார்த்ததில்லை. ஆராய்ச்சியாளர் நோயாளி பார்ப்பது இப்படியும்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இனி, அது என்ன வேலை என்ற கேள்வி. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு நூறு வருடம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஐ.டி.பி என்று நாங்கள் சொல்வது. வாட்டில் பிளேட்லெட் என்று சொல்லும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து, தோலில் செம்புள்ளி விழும், முரசில் இரத்தம் கசியும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்காமல் போகும். நூறு வருடத்துக்கு முன் இதற்கு இரண்டு விளக்கம் இருந்தது. எலும்புக்குள் இரத்தக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை ஒழுங்காக உற்பத்தி செய்வதில்லை என்றார்கள் சிலர். உற்பத்தி சரி, மண்ணீரல்தான் அழிக்கிறது என்றார்கள் வேறு சிலர். 1916இல் பிராக் நகரில் போல் கஸ்நெல்சன் என்பவர் இரண்டாவது கட்சியில் நின்று, ஒரு நோயாளியின் மண்ணீரலை எடுத்துப் பார்க்கும்படி பேராசிரியரிடம் கேட்டு அவரை ஒத்துக்கொள்ள வைத்தார். எடுத்ததும் பிளேட்லெட் மளமளவென்று ஏறியது. கஸ்நெல்சன் அப்போது மருத்துவ மாணவர். உங்கள் தங்கச்சியைப் போல.

ஆனால் மண்ணீரல் ஏன் அழிக்கிறது என்பது தெரியவில்லை. அதற்கு இன்னும் முப்பத்து நாலு வருடம் ஆனது. வில்லியம் ஹரிங்டன் என்ற அமெரிக்க டொக்டர், பயிற்சிக் காலத்தில் இந்த நோயுள்ள ஒரு இளம் பெண் மண்ணீரலை எடுத்த பிறகும் இறந்துபோனதைப் பார்த்தவர். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1950இல் சென் லூயிஸ் நகரில், நோயாளியின் இரத்தத்தில்தான் அழிக்கும் பொருள் இருக்கிறது என்று நம்பி, கூட வேலை செய்த ஹொலிங்ஸ்வர்த்தோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். நோயாளியின் இரத்த வகை யாருக்குப் பொருந்துகிறதோ அவர் உடம்பில் அந்த இரத்தத்தை ஏற்றுவது என்று. ஹரிங்டனுக்குப் பொருந்தியது. அரை லீற்றர் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்குள் அவருடைய பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கியது. வலிப்பு வந்தது, உடம்பெல்லாம் புள்ளி விழுந்தது. ஐந்து நாள் அளவில் தேறினார். அந்த நேரம் அவருடைய மார்பெலும்பில் இருந்து எடுத்த மச்சையில் பிளேட்லெட்டை உண்டாக்கும் பெரிய கலங்கள் குறையாமல் இருந்தன. ஆக, உற்பத்தியில் குறை இல்லை, சுற்றோட்டத்தில் அழிகிறது. 1951இல் வெளியிட்டார்கள். அழிக்கும் பொருள் பிறபொருளெதிரிதான், ஐ.ஜி.ஜி வகையைச் சேர்ந்தது என்று 1965இல் ஷுல்மனின் குழு காட்டியது. உடம்பு தன்னையே தாக்குமா என்று சந்தேகித்துக்கொண்டிருந்த காலத்தில், இரத்த நோயும் நிர்ப்பீடனமும் ஒரே துறையாகச் சேர்ந்த இடங்களில் இது முக்கியமானது.

இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் ஒன்றைச் சேர்த்தே சொல்வேன். ஹரிங்டன் செய்ததை யாரும் செய்யக் கூடாது. அவர் செத்திருக்கலாம். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது, தராமல் இருப்பதுதான் சரி.

அப்புறம் 1981. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் போல் இம்பாக் என்ற குழந்தை வைத்தியர், வேறு காரணத்துக்காக இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்கள் இரத்தத்தில் இருந்து பிரித்த பிறபொருளெதிரி, ஏற்றிய பிள்ளைகளுக்குப் பிளேட்லெட் திடீரென்று கூடுவதைக் கவனித்தார். பக்கத்துக் கட்டிலில் நின்ற வேறு ஒருவர் அதைத் தற்செயல் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, ஐ.டி.பி வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் சஞ்சிகையில் எழுதினார். ஆபத்தான இரத்தப்போக்கோடு வரும் பிள்ளைக்கு இன்றும் அதை ஏற்றுகிறோம். 1994இல் பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் திரொம்போபொய்ட்டின் என்ற ஓமோனின் மரபணுவைப் பல குழுக்கள் பிரித்தெடுத்தன. அதை அளந்து பார்த்தபோது ஒரு புதினம். ஐ.டி.பி நோயாளிகளில் அது எதிர்பார்த்த அளவுக்கு உயர்ந்திருக்கவில்லை. மச்சையும் முழுவீச்சில் உற்பத்தி செய்யவில்லை. 1916இல் தோற்றுப்போனதாக நினைத்த கட்சியிடமும் உண்மை இருந்தது! அதில் இருந்துதான் உற்பத்தியைத் தூண்டும் மருந்துகள் வந்தன. 2008இல் ஒரு ஊசியும் ஒரு குளிசையும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன.

இதுதான் அந்த வேலை, தம்பி. ஒருவர் முழு வாழ்க்கையையும் கொடுத்து ஒரு கேள்வியின் பாதியைத் தீர்ப்பார். மற்றப் பாதி இன்னொருவருக்கு முப்பது வருடம் கழித்துக் கிடைக்கும். இதைக் கேட்டுத் தங்கச்சியின் முகம் மலர்ந்தால் அவர் இந்தத் துறைக்கு உரியவர். சலிப்பாக இருந்தால் நல்ல கிளினிக் டொக்டராகப் போகட்டும், அதிலும் குறைவில்லை.

மேலே சொன்னவற்றில் எது நிச்சயம், எது இன்னும் சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிறபொருளெதிரி பிளேட்லெட்டில் ஒட்டுவதும் மண்ணீரலின் விழுங்கிக் கலங்கள் அதைத் தின்பதும் நிச்சயம். ஆனால் ஐ.டி.பி நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் அந்தப் பிறபொருளெதிரியைத் தேடினாலும் அகப்படுவதில்லை. அங்கே டீ வகை நிணநீர்க் கலங்கள் தாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் யாருக்கு எது எவ்வளவு என்பது இன்னும் தீரவில்லை. இம்யூனோகுளோபுலின் வேலை செய்கிறது என்பது நிச்சயம். ஏன் வேலை செய்கிறது என்பதற்கு நாலைந்து விளக்கம் இருக்கிறது, ஒன்றும் முழுதாக நிலைக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டு கிழமையில் புள்ளி விழுவது ஏன் என்று தாய் கேட்டால், இன்றைக்கும் ஒரு நேர்ப் பதில் கிடையாது. இந்த நோய்க்கென்று உறுதியான ஒரு சோதனையும் கிடையாது, மற்றதெல்லாம் இல்லை என்று தள்ளித் தள்ளித்தான் இந்த முடிவுக்கு வருகிறோம்.

மாரியில் டெங்கு வரும்போது எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் பிளேட்லெட்தான். எண்ணிக்கை இறங்கினால் சொந்தக்காரர் இரத்தம் கொடுக்க ஓடி வருவார்கள், பப்பாசி இலைச் சாறு அரைபடும். இரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றினால் நன்மை உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒழுங்காகச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். இரத்தப்போக்கை அது தடுக்கவில்லை. டெங்குவில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் குருதிக் குழாய்களில் இருந்து பிளாஸ்மா கசிவதுதான். அதனால்தான் பிளேட்லெட்டோடு சேர்த்து இரத்தத்தின் தடிப்பையும் அடிக்கடி அளந்து பார்க்கச் சொல்கிறோம். எதைச் செய்ய வேண்டாம் என்று காட்டியதும் ஆராய்ச்சிதான்.

மட்டக்களப்பில் இருந்து முடியுமா என்பதற்கு வருகிறேன். டேவிட் வெதரல் என்ற பெயரைத் தங்கச்சி கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார். 1950களின் கடைசியில் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட இளம் டொக்டர். அங்கே நேபாளக் கூர்க்கா வீரர் ஒருவரின் சின்ன மகள், காரணம் தெரியாத குருதிச்சோகையோடு, இரத்தம் ஏற்றி ஏற்றி உயிரோடு இருந்தாள். வெதரல் வடிதாளையும் கார் பட்டரியையும் வைத்து செங்குழியத்தில் உள்ள ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்த்து, அது தலசீமியா, அதாவது ஈமோகுளோபின் ஒழுங்காக உண்டாகாத பரம்பரை நோய், என்று கண்டுபிடித்தார். அந்த ஒரு பிள்ளையில் இருந்து தொடங்கியது அவருடைய முழு வாழ்க்கையும். 1989இல் ஒக்ஸ்போர்ட்டில் மூலக்கூறு மருத்துவத்துக்கு ஒரு நிறுவகத்தையே உண்டாக்கினார். அதே மனிதர் பின்னாளில் குருநாகல் தலசீமியா நிலையத்துக்கு வந்து எங்கள் நாட்டு டொக்டர்மாரோடு சேர்ந்து வேலை செய்தார். ஈமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகையும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்து வந்த 109 பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் 37 பேருக்கு அதை நிறுத்தியும் தீங்கு வரவில்லை என்று 2005இல் எழுதினார்கள். அடிக்கடி இரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்பு சேரும், அதை அகற்ற வேறு மருந்து, அதற்கு வேறு செலவு. அந்த 37 குடும்பங்களுக்கு அது என்ன விடுதலை என்று நினைத்துப் பாருங்கள். அந்த வேலைக்குத் தேவைப்பட்டது பெரிய இயந்திரத்தைவிட, ஒரே நோயாளியை ஐந்து வருடம் கைவிடாமல் பார்த்து எழுதிய கொப்பி.

எங்கள் மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது பாம்பு. பெரும்போகத்தில் வயல் வட்டைக்குள் இறங்குபவர்களைப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், கடிக்கும். அதன் விஷம் இரத்தம் உறையும் சங்கிலியில் பத்தாம் காரணி, ஐந்தாம் காரணி என்ற புரதங்களைத் தூண்டிவிடும். உறைவதற்கு வேண்டிய பைபிரினோஜன் எல்லாம் வீணாகச் செலவழிந்து, கடைசியில் இரத்தம் உறையவே மாட்டாது. சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கும் சோதனையைத் தங்கச்சி வாட்டில் கண்டிருப்பார். வயல் வாடியில் இருந்து தூக்கிக்கொண்டு வரும் மனிதருக்கு முதலில் செய்வது அதுதான். அவசரத்தில் செய்யும்போது அது சில கோளாறுகளைத் தவறவிடும் என்று காட்டியதும் இலங்கையில் செய்த ஆய்வுகள்தான்.

விஷமுறிவு மருந்து குதிரையின் பிறபொருளெதிரி. அதற்கு எங்கள் உடம்பு மூர்க்கமாக எதிர்வினை காட்டும், மூச்சடைக்கும், இரத்த அமுக்கம் இறங்கும். அதைத் தடுக்க முன்கூட்டியே எதைக் கொடுப்பது என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்தார்கள். குறைந்த அளவு அட்ரினலின் பயன்பட்டது, வழக்கமாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசினும் பயன்படவில்லை. 2011இல் வெளிவந்தது. இது முழுக்க முழுக்க நிர்ப்பீடன ஆராய்ச்சி, செய்த இடம் சாதாரண வாட்டு.

அந்தப் புடையன் விஷத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1934இல் லண்டனில் மக்ஃபார்லேன் என்பவர் அதை மிகவும் ஐதாக்கி, பிறவியிலேயே இரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோயாளிகளின் இரத்தக் கசிவில் பூசி நிறுத்திக் காட்டினார். இன்றைக்கு அதே விஷத்தை ஆய்வுகூடத்தில் வேறொன்றுக்குப் பாவிக்கிறோம். சில பெண்களுக்குக் கரு திரும்பத் திரும்பக் கலையும். ஊரில் நாவூறு, செய்வினை என்று கழிப்புக் கழிப்பார்கள். அவர்களில் சிலருக்கு இரத்தத்தில் ஒரு பிறபொருளெதிரி இருக்கும். சோதனைக் குழாய்க்குள் இரத்தம் உறைவதை அது பிந்தவைக்கும், உடம்புக்குள் உறைகட்டியை உண்டாக்கும். ஐதாக்கிய விரியன் விஷத்தை விட்டு நேரம் பார்த்தால் அது பிடிபடும். பிடிபட்டால் அடுத்த கர்ப்பத்துக்கு அஸ்பிரினும் ஹெபரினும் கொடுக்கலாம், பலர் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறார்கள். தகப்பனை வட்டையில் கடிக்கும் விஷத்தை வைத்து மகளின் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்பதை இத்தனை வருடமாகியும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

சரி, வருடங்கள். மருத்துவ பீடம் ஐந்து, உள்ளகப் பயிற்சி ஒன்று. அதன் பிறகு கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின், அதாவது பி.ஜி.ஐ.எம்மின், தெரிவுப் பரீட்சை, குருதியியல் எம்.டி என்ற மேற்பட்டம், அதற்குப் பிறகு சிரேஷ்ட பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி. பீடத்தில் கால் வைத்த நாளில் இருந்து பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாது, பெரும்பாலும் கூடும். விதிகள் மாறுவதால் அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையை அவரே பார்க்கட்டும். இன்னொரு வழி, பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து கலாநிதிப் பட்டம் செய்வது. அது தனியாக மூன்று நாலு வருடம். நிர்ப்பீடனத்தில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். இரண்டையும் செய்பவர்களும் உண்டு, நாற்பது வயது வரை மாணவராக இருக்கும் பொறுமை வேண்டும். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டமும் இதே துறைக்குள் வரும் நல்ல வாசல்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். அரச சம்பளம் வரும், பட்டினி இல்லை. ஆனால் பின்னேரம் தனியார் கிளினிக்கில் நூறு பேர் பார்க்கும் டொக்டரின் வருமானம் வராது. ஆராய்ச்சி நாட்களில் கை இன்னும் இறுகும். கலியாணம் பேசும் வயதில் பிள்ளை இன்னும் படிக்கிறது என்று சொந்தங்கள் சொல்லும். இதையெல்லாம் முன்கூட்டியே அப்பாவோடு இருந்து பேசுங்கள். ஒளித்து வைத்தால் பிறகு அவருக்குத்தான் பாரம்.

ஊருக்குத் திரும்புவாரா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நான் திரும்பினேன். திரும்பி வந்து இரண்டு வருடம் சேர்த்து உறையவைத்திருந்த நோயாளிகளின் சீரம் மாதிரிகள், ஒரு ஆஸ்பத்திரியில் நீண்ட விடுமுறை வார இறுதியில் மின்சாரம் நின்று, ஜெனரேற்றரும் ஓடாமல், திங்கட்கிழமை வரும்போது உருகிக் கிடந்தன. அன்றைக்குக் கல்லடிப் பாலத்தில் நெடுநேரம் நின்றேன். அந்த மாதிரிகளைத் தந்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், அவர்களிடம் திரும்பக் கேட்க முடியாது. இங்கே ஆராய்ச்சி செய்பவருக்கு இப்படியான இழப்பு வரும், வெளிநாட்டில் இருப்பவருக்குக் குறைவாக வரும். பெரிய மரபணு வேலைகளுக்கும் கலங்களைப் பிரித்து எண்ணும் நுட்பமான வேலைகளுக்கும் கொழும்பையோ வெளிநாட்டையோதான் நம்ப வேண்டும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனப் பிரிவோடு தொடர்பு வைத்திருப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவசியம். ஆனால் நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள். வாகரையில் இருந்தும் பொத்துவிலில் இருந்தும் வருபவர்களிடம் தமிழில் உட்கார்ந்து, எப்போது வெளிறத் தொடங்கியது, அம்மாவின் குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்டு எழுதக்கூடிய ஆள் வேண்டும். அந்தக் கதையை ஒழுங்காக எடுக்காமல் மாதிரியை மட்டும் கொழும்புக்கு அனுப்பினால், என்ன கேள்விக்காக அனுப்பினோம் என்பதே அங்கே இருப்பவருக்கு விளங்காது.

தங்கச்சி இப்போது செய்யக்கூடியவை இரண்டு மூன்று. கிழமையில் ஒரு மணி நேரம் ஆய்வுகூடத்தில் போய்ச் சிலைட் பார்க்க அனுமதி கேட்கட்டும். அங்கே சோதனைகளைச் செய்யும் எம்.எல்.டி மாருக்குத் தெரிந்த அளவு புத்தகத்தில் இல்லை, மரியாதையாகக் கேட்டால் பொறுமையாகக் காட்டித் தருவார்கள். புள்ளிவிபரவியலை இப்போதே படிக்கட்டும், பிறகு நேரம் கிடைக்காது. இறுதிப் பரீட்சையில் கவனம் குறையக் கூடாது, அதில் சித்தியடையாமல் மேலே எந்தக் கதவும் திறக்காது. பீடத்தில் செய்ய வேண்டிய சிறு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார் என்றால், பாம்புக் கடியோடு வந்தவருக்கு அந்த இருபது நிமிடச் சோதனை வந்து எத்தனை நேரத்தில் செய்யப்பட்டது, கண்ணாடிக் குழாய் இருந்ததா பிளாஸ்டிக் குழாயா, திரும்பச் செய்தார்களா என்று பழைய பைல்களைப் பார்த்து எழுதலாம். ஒரு ரூபாய் செலவில்லை, வெளிநாடும் போக வேண்டாம். இந்தப் பெரும்போகம் முடிவதற்குள் தொடங்க வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடித்து, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் ஆய்வுக்கென்று ஒரு பைலையும் திறக்கக் கூடாது, ஒரு துளி இரத்தமும் எடுக்கக் கூடாது.